பின்சீட்டில் ஏறச் சொன்னவர்

ஜீப்புக்குப் புது சஸ்பென்ஷன் போட்டதிலிருந்து என் மனைவி அதில் ஏற மறுத்தாள். தூக்கித் தூக்கிப் போடுகிறதாம். கீழப்பழுவூர் மெக்கானிக்கிடம் போய் அதைச் சொன்னேன். நரைத்த மீசை, காதில் ஒரு பீடி, அதை அவர் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு நல்லாத்தாங்க இருக்கு" என்றேன்.

"அவங்க எங்க உக்காருவாங்க?"

"பின்னாடி, புள்ளையோட."

"சாவியக் குடுங்க. நீங்க பின்னாடி ஏறுங்க."

சிமெண்ட் லாரிகள் குதறிய ரோட்டில் ஓட்டினார். இரண்டு தடவை என் தலை கூரையில் இடித்தது. திரும்பி வந்து, பின் ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டை அடுக்கில் பக்கத்துக்கொரு பட்டையைக் கழற்றி, டயர் காற்றையும் குறைத்தார். மறுபடி என்னைப் பின்னால் ஏற்றி அதே ரோட்டில் போனார். தலை இடிக்கவில்லை.

"இப்பக் கூப்பிடுங்க, வருவாங்க."

ஆறு வருஷமாக என் வண்டி அது. பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அது அவருக்கு எப்படித் தெரிந்தது?