விஜயம் மாமியின் பத்து நிமிஷம்

விஜயம் மாமி இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒருநாள்கூட ஆபீசுக்குத் தாமதமாக வந்ததில்லை. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. வலியசாலையில் மாமி வீட்டில் இருக்கிற கடிகாரம் அத்தனையும் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். கணவர் சேஷன் கல்யாணச் சமையல்காரர். முகூர்த்தத்துக்கு இலை போடாவிட்டால் பிழைப்பு போச்சு என்று அவர் அப்பா காலத்தில் ஆரம்பித்த வழக்கம். ஆபீசில் கம்ப்யூட்டர் கொடுத்தபோது மாமி அதன் மணியையும் தள்ளி வைத்தார். அது சில நாள் தானாகவே பின்னால் வந்துவிடும். "ஒனக்கும் சோம்பலா?" என்று திட்டிக்கொண்டே மாமி காலையில் மறுபடி தள்ளுவார்.

நான் பக்கத்து மேஜை ராகேல். பத்து மணி ஆபீசுக்குப் பத்தேகாலுக்கு வருகிறவள். அதனால் மாமியைப் புகழ்வதில் எனக்கொன்றும் சந்தோஷமில்லை.

எங்களுடையது ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் விற்கிற கம்பெனி. தலைமை ஆபீஸ் எறணாகுளத்தில். 2006 ஜூனில் ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் இருக்கிற எல்லாக் கிளைகளின் கடிதங்களையும் அங்கே சர்வரில் ஒரே லைப்ரரியாகப் போட்டுவிட்டார்கள். இனி யாரும் எதையும் அங்கிருந்துதான் திறக்க வேண்டும். எனக்குத் திறந்தது. மேனேஜர் சத்தியதாஸ் சாருக்குத் திறந்தது. மாமிக்கு மட்டும் 'அனுமதி இல்லை' என்று வந்தது.

எறணாகுளத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பிரஜின் போனில் வைத்தியம் சொன்னான். மாமி பாஸ்வேர்டை மாற்றினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். வேர்டு, எக்ஸெல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினோம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார். சர்வர் மசியவில்லை. ஆனால் என் மெஷினில் உட்கார்ந்தால் மாமிக்கு எல்லாம் திறந்தது. நான் அதைச் சொன்னதும் சத்தியதாஸ் சார் சிரித்தார்.

"அப்போ மெஷின்ல அவங்கதான் என்னமோ பண்ணி வச்சிருக்காங்க, அல்லே? விஜயம் மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா காசர்கோடு கிளைக்கு மாத்தச் சொல்லி எழுதிருவேன், கேட்டோ. அங்க இன்னும் பேப்பரும் பேனாவும்தான்."

மாமியின் முகம் செத்துப்போனது. மகள் ராஜஸ்ரீக்கு அது பிளஸ் டூ வருஷம். சேஷன் எந்த நாள் வீட்டில் இருப்பார் என்பது பஞ்சாங்கத்துக்குத்தான் தெரியும். மாமியும் அவ்வளவு தூரம் காசர்கோடு போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார்?

வியாழக்கிழமையே சத்தியதாஸ் சார் மாற்றல் கடிதத்தை அடித்து லைப்ரரியில் வைத்துவிட்டார். கையெழுத்தை மட்டும் சேர்த்து மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எறணாகுளத்தில் மீட்டிங். அதற்குப் போகிற ரயிலை மனுஷன் விட்டுவிட்டார். அதுவும் மூன்றாவது தடவை. போனில் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வாடிய கீரையாக ஆபீசுக்கு வந்தார்.

"மேடம், உங்க டைமை எனக்கும் வச்சுத் தாங்க. வாச்சிலயும் கம்ப்யூட்டர்லயும்."

தன் தலையில் கல்லைப் போடப்போகிற ஆள் என்று தெரிந்தும் மாமி எழுந்து போனார். "அதுக்கென்ன சார், குடுங்கோ" என்று இரண்டையும் பத்து நிமிஷம் தள்ளி வைத்தார். நானாக இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் சாருடைய அறையிலிருந்து மேஜையைத் தட்டுகிற சத்தம். கடிதம் திறக்கவில்லை. அதே 'அனுமதி இல்லை'. சார் பாஸ்வேர்டை மாற்றினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கடைசியில் பிரஜினைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சாரே, நேத்து வரைக்கும் திறந்துதுல்லா? உங்க கம்ப்யூட்டர்ல இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு முப்பத்தஞ்சு."

"இங்க இருபத்தஞ்சுதான் ஆகுது! அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா சர்வர் உங்கள கள்ளன்னு நினைச்சு உள்ள விடாது. யாரு சாரே மணிய மாத்துனது?"

நானும் மாமியும் அதற்குள் அறை வாசலுக்கு வந்திருந்தோம். மாமிதான் முதலில் பேசினார்.

"நான்தான் சார். என் மெஷினும் நாலு நாளா இதனாலதான் படுத்தியிருக்கு. என் தப்புதான்."

சார் மணியைச் சரியாக்கினார். கடிதம் உடனே திறந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தேன்: 'லைப்ரரியைத் திறக்கக்கூடத் தெரியாதவர் இந்தக் கிளைக்குத் தேவையில்லை.'

"அப்போ காசர்கோட்டுக்கு ரெண்டு டிக்கெட்டா சார்?" என்றேன். வாயை அடக்க எனக்கு வராது.

சார் என்னை முறைத்தார். பிறகு கடிதத்தை அழித்தார். மாமி தன் இடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் மணியைப் பின்னால் இழுத்தார். லைப்ரரி திறந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தியதாஸ் சார் மெல்ல வந்து மணிக்கட்டை நீட்டினார். "இதையும் சரியாக்கித் தாங்க மேடம்."

"அது அப்படியே இருக்கட்டும் சார். வாட்சை எந்த சர்வர் பாக்கப்போறது? மீட்டிங்கைத் திங்கக்கிழமைக்கு மாத்தியிருக்காளே, ரயிலைப் பிடிக்க வேண்டாமா?"

சார் கையை இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை ரயிலைப் பிடித்துவிட்டார்.