கர்டை என்று நான் பறித்த கீரை

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த முதல் வருடம் அது. கார்த்திகை மாதம். பக்கத்து வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, மில் வேலையிலிருந்து ஓய்ந்துபோன மாமனார். அந்தப் பெண் ஒருநாள் பித்தளைக் கிண்ணத்தில், கர்டை என்று அவர்கள் சொல்லும் குசும்பாக் கீரைப் பொரியல் கொண்டுவந்து தந்தாள். சந்தையில் வாங்கிய கீரைக்கட்டையும் காட்டினாள். ஓரமெல்லாம் முள், லேசான கசப்பு. எனக்குப் பிடித்துப்போயிற்று.

வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தண்டவாளத்து ஓரம் அதே கீரை மண்டிக்கிடப்பதைப் பார்த்தேன். காட்டுக்கீரை பறித்துத் தின்று வளர்ந்தவளுக்குக் கீரை தெரியாதா என்ற மெத்தனம். மடி நிறையப் பறித்துவந்து ஆய்ந்தேன்.

“ஏளா, கையெல்லாம் என்ன மஞ்சளா இருக்கு?” என்றார் வீட்டுக்காரர்.

“மஞ்சப்பொடி பட்டிருக்கும். நீங்க வேலைக்குப் போங்க.”

அன்று எனக்குச் சோமவார விரதம், ருசி பார்க்கவில்லை. அவர் கசப்பைத் தொடவே மாட்டார். பொரியல் முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் அங்கே மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே வாந்தி. புருஷன் வேலைக்குப் போயிருந்ததால் சாப்பிடவில்லை. பெரியவருக்குக் கர்டை என்றால் உயிர். அவர்தான் அதிகம் சாப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டதும், “கர்டைதான்” என்றாள் அந்தப் பெண். கூடவே நின்ற நானும் தலையாட்டினேன். அப்போதுதான் என் கை ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிக் குப்பையில் கிடந்த தண்டை எடுத்து ஒடித்தேன். மஞ்சள் பால் சொட்டியது. கர்டையை ஒடித்தால் பால் வராது. இலையில் இப்படி வெள்ளை நரம்பும் ஓடாது. இது பிரம்மதண்டு. ஊரில் ஆடுகூட வாய் வைக்காது. மஞ்சள் பூவோடு நின்றிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். பூக்காத செடியை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

தண்டோடு ஓடிப்போய் டாக்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பெரியவர் மறுநாள் காலையில் இறந்துபோனார்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்தபின் அவள் வந்தாள். நாலு அறை அறைந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவளோ அதே கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே ஒரு பிடி சர்க்கரை. உனக்குத் தெரியாதே என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கிண்ணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தெரியாமல் செய்ததை அவள் மன்னித்துவிட்டாள். கை மஞ்சளானதைப் பார்த்தும் மஞ்சப்பொடி என்று தட்டிவிட்டுச் சமைத்ததை அவளிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவே இல்லை.