கொட்டகைச் சுவரில் ஓர் அரிசிக் கோணி

நியூ ஜெர்சியில் அண்ணனின் நிலத்துக்குக் கீழே இருக்கும் குதிரைக் கொட்டகையின் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு பழைய அரிசிக் கோணி ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. அதில் அச்சடித்த மயில் மங்கிப்போய் இப்போது கோழி மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணியின் ஞாபகம் வரும், அண்ணி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டை விற்றுவிட்டு, வெஸ்ட் வின்ட்சரில் ரயில் நிலையத்துக்குப் பக்கமாகப் புது வீடு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எல்லோரும் செய்த காரியம்தான் அது. ஒருநாள் வீடு பார்க்கப் போகிற வழியில் காரைத் தப்பாகத் திருப்பி, ஒரு பழைய பண்ணைக்குள் போய்விட்டார்கள். அங்கே ஓடையைக் குறுக்கே மண்கரை போட்டு மறித்த ஒரு குளம் இருந்தது. அண்ணி குளித்தலையில், காவிரிக் கரையில் பிறந்தவர். கரைமேல் ஏறி நின்றவர் இறங்கவில்லை. "இந்தத் தண்ணிய விட்டுட்டு நான் டவுன்ஹவுஸுக்கு வர மாட்டேங்க. நீங்க வேணா போய் இருந்துக்குங்க" என்றார். நிலத்தை வாங்கினால் கரையும் நம்முடையது, உடைந்தால் பழியும் நம்முடையது என்று தரகர் சொன்னார். அண்ணி தலையாட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கரைக்குக் கீழே குதிரை வளர்க்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். முந்தைய சொந்தக்காரர் காலத்தில் ஒருமுறை கரை வழிந்து, அவர் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்து, பலகைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறைக்கோடு விட்டுப் போயிருந்தது. அறிமுகம் செய்துகொள்ளக் கேசரியோடு போன அண்ணிக்கு அவர் காட்டியது அந்தக் கோட்டைத்தான். கரையை வெட்டிக் குளத்தை வடித்துவிடுங்கள் என்றார். அண்ணி விடுவாரா? இன்னொரு முறை இந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் நானே ஆள் வைத்துக் கரையை உடைக்கிறேன் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்ட அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து அண்ணிக்கு அந்தக் கரை மூன்றாவது பிள்ளை. ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்னீக்கரை மாட்டிக்கொண்டு கரைமேல் ஒரு நடை. எலி வளை தோண்டியிருந்தால் மண் போட்டு மிதிப்பார், முளைத்த செடியை வேரோடு பிடுங்குவார். குளிரில் ரோஜாச் செடிகளுக்குப் போர்த்தவென்று அரிசி வந்த கோணிகளைத் தூக்கிப் போடாமல் கராஜில் அடுக்கி வைத்திருந்தார். அரிசியை விடக் கோணிதான் இந்த வீட்டில் அதிகம் என்று நான் கேலி செய்வேன். "சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க" என்பார்.

ஆடிப் பதினெட்டு எந்தக் கிழமை வந்தாலும் அமெரிக்காவில் அது ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு வருடம் அண்ணி தெரிந்த தமிழ்க் குடும்பங்களை எல்லாம் அழைத்திருந்தார். வாரம் முழுக்க மழை, குளம் தளும்பி நின்றது. பட்டுப்புடவைகளோடு பெண்கள் கரையேறி, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, காப்பரிசியும் கருகமணியும் பூவும் மஞ்சள் துணியுமாகத் தண்ணீரில் விட்டார்கள். ஊரில் என்றால் வாழையிலையில் வைத்து விடுவோம். இங்கே ஆளுக்கொரு பேப்பர் தட்டு. அதில் விளக்கேற்றி மிதக்க விட்டதும் குளமே மினுங்கியது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. புளிசாதத்தைப் பிரிக்கும்போது வானம் பிளந்துகொண்டு கொட்டியது.

எல்லோரும் வீட்டுக்குள் ஓட, அண்ணி மட்டும் திரும்பிக் குளத்தைப் பார்த்தார். காவிரி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடும். குளம் எங்கே போகும்? மிகுநீர் இறங்கிப் போகும் குழாயின் வாயில் இருந்த கம்பித் தடுப்பை, தட்டும் பூவும் துணியும் சேர்ந்து அப்பிக்கொண்டு அடைத்துவிட்டன. தண்ணீர் கண்ணெதிரே ஏறியது. கரையில் புல்வெட்டும் வண்டி ஏறி ஏறிப் பள்ளமான இடத்தில் மெல்லிசாக வழியவும் தொடங்கியது. வழியும் தண்ணீர் மண்ணை அரிக்க ஆரம்பித்தால் பிறகு கரை மிஞ்சாது. "அண்ணி, உள்ள வாங்க!" என்று கத்தினேன். "நான்தான அடச்சேன், நான்தான் எடுக்கணும்! கராஜ்ல கோணி இருக்கு, எடுத்துட்டு வாங்க தம்பி!"

வாலிபால் விளையாட அண்ணன் கொட்டி வைத்திருந்த மணல் கோணிகளுக்குள் போயிற்று. என்ஜினியர்களும் டாக்டர்களும் வரிசையாக நின்று, கரைப் பள்ளத்தை அடைக்கக் கைமாற்றினோம். "டாட், இஸ் இட் கோயிங் டு பிரேக்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் மகளும் தூக்கினாள். கீழேயிருந்து திட்டிக்கொண்டே வந்த கிழவர் பள்ளத்தைப் பார்த்தார்; திட்டுவதை நிறுத்தாமலே வரிசையில் நின்றுகொண்டார். அண்ணி புடவையை இடுப்பில் செருகி, வாலிபால் வலைக் கம்பத்தில் இலை வாரும் வாருகோலைக் கட்டி, கரையில் நின்றபடி கம்பித் தடுப்பைப் பிராண்டினார். தட்டு தட்டாக வந்தது. கடைசியாக ஒரு மஞ்சள் துணி உருவிக்கொண்டு வந்ததுதான் தாமதம், குழாய் பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீரை விழுங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டிருக்கும். கிழவர் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்தது; மழையில் யாருக்குத் தெரியும்!

மழை விட்டதும் எல்லோருமாகக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தோம். தரையில் சொட்டு ஈரம் இல்லை. கிழவர் ஒரு கோணியை அவிழ்த்து மணலைக் கொட்டிக் காயவைத்து, மறுநாளே சுத்தியலை எடுத்தார். கரையை உடைக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. அடுத்த ஆடிக்கு அழைக்காமலே வந்து, யார் கையிலாவது பேப்பர் தட்டு இருக்கிறதா என்று சோதனை போட்டார்.

போன மாதம் நான் போயிருந்தபோதும் நல்ல மழை. விட்டதும் அண்ணி என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, ஆணியை நெம்பாமல் கோணியின் ஓரத்தை மட்டும் தூக்கினார். பின்னால் பலகையில் அந்தப் பழைய கறைக்கோடு அப்படியே இருந்தது. அண்ணி அதை விரலால் தடவி, விரலை என்னிடம் நீட்டினார்.

"தூசிதான் தம்பி" என்றார்.