எந்த அப்பாவுக்கு நெஞ்சு வலி?

ஆஸ்பத்திரியில் நர்சம்மா நீட்டிய தாளில் ஒரு கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தந்தைக்கு இருதய நோய் உண்டா? தையல் மிஷினை விட்டு எழும்போது சுருக்கென்று குத்தியதில் ஆட்டோ பிடித்து ஓடி வந்திருந்தேன். நெஞ்சைப் பிடித்தபடியே, "எந்த அப்பாவுக்குங்க?" என்றேன்.

"ஏனுங்க, ஒருத்தருக்கு எத்தனை அப்பா இருப்பாங்க?"

"எனக்கு ரெண்டுங்க. ஒண்ணு ஸ்பேர்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று.

பெற்றவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். பிள்ளையில்லாத தன் அண்ணனுக்கு என்னைக் கைக்குழந்தையாகவே தத்துக் கொடுத்துவிட்டார். அந்த அண்ணன்தான் எனக்கு அப்பா. சித்தப்பா நாற்பத்தொன்பது வயதில் நிட்டிங் மிஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தத்துப் போனவன் கொள்ளி வைக்கக் கூடாதாம், அவரிடமே வளர்ந்த என் தம்பி வைத்தான். அப்பா என் கையை விடாமல், "நீ இங்கயே நில்லு கண்ணு" என்றார். நின்றேன். கொள்ளியைத் தடுத்தார்கள், ரத்தத்தை யார் தடுப்பது? இப்போது எனக்கு நாற்பத்தொன்பது. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் மனசுக்குள் உயில் எழுதுகிறேன். கல்யாணமாகாதவன் யார் பேருக்கு எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்தார். "இருதயம் நல்லா இருக்குங்க. இது வெறும் வாயு. சோத்தை மென்னு திங்கறதே இல்லீங்களா?"

அது அப்பா கொடுத்த சொத்து. பனியன் கம்பெனியில் அவர் டெய்லர். பதினாறு வயதில் என்னையும் பக்கத்து மிஷினில் உட்கார வைத்தார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி, சாப்பிடுகிற நேரமெல்லாம் நஷ்டம். மத்தியானம் ஒரே தூக்குப்போசிக்குள் இரண்டு பேரும் கை விடுவோம். "முழுங்கு சாமி, ஊட்டுக்குப் போயி மென்னுக்கலாம்" என்பார். ஐந்து நிமிடத்தில் போசி காலி. அப்படியே விழுங்கி, ஏப்பம் விட்டு, எண்பது வயதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பயம் பெற்றவர் தந்தது, வலி வளர்த்தவர் தந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு அலறியது மட்டும் என் சொந்த உழைப்பு.

"யாருகூடயாச்சும் பேசிக்கிட்டே சாப்பிடுங்க, தானா மெதுவாயிரும்" என்றார் டாக்டர். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

நல்லூர் வீட்டுக்குத் திரும்பி, தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாயையும் முப்பது வரை எண்ணி மென்றேன். வீட்டில் அத்தனை அமைதி. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது வாய்க்கு மேல் தாங்கவில்லை. மிச்சத்தை அப்பா மாதிரியே விழுங்கிவிட்டு எழுந்தேன்.