ஐந்துக்கு மூடிய கை

பாரிஸ் புறநகரில், எங்கள் தெருமுனை ரொட்டிக் கடையில் இரண்டு பகெத் ரொட்டி வேண்டுமென்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டுவார்கள். 1980 ஜனவரியில் நானும் மனைவி வசந்தியும் வந்திறங்கிய வாரமே இதைக் கவனித்தேன். எங்கள் ஊர் முதலியார்பேட்டையில் யாரும் அப்படிக் கட்டைவிரலில் தொடங்குவதில்லை. வேடிக்கையாக இருந்தது, மறந்துவிட்டேன். 1983 அக்டோபரில் என் மகள் அமுதாவின் மேத்ரெஸ், அதாவது வகுப்பு ஆசிரியை, என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோதுதான் அது மறுபடி நினைவுக்கு வந்தது.

மாத்தெர்னெல் என்கிற மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தைகளின் வகுப்பு அது. பாடமெல்லாம் விளையாட்டுதான். மேத்ரெஸ் புள்ளி வைத்த அட்டையைத் தூக்கிக் காட்டுவார். பிள்ளைகள் அத்தனை விரல்களைக் காட்ட வேண்டும். அமுதா வாய் திறப்பதில்லை. கையை மட்டும் காட்டுவாள்.

"மூன்று கேட்டால் இரண்டு காட்டுகிறாள், மெசியே. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். முஷ்டியை மடக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீட்டில் அடிப்பீர்களா?"

இல்லையென்றேன். என் பிரெஞ்சு அதற்குமேல் போகவில்லை. இப்படியே போனால் ஜூனில் அவளை மேலே அனுப்பாமல் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

அன்று மாலை வசந்தி அலுவலகங்கள் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். அமுதா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் வலது முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஐந்தாவது விரலும் மடங்கியபோது கை மூடிக்கொண்டது. மேத்ரெஸ் பார்த்த முஷ்டி அதுதான். மூன்றுக்கு மூன்று விரலை மடக்கினால், நிற்பது இரண்டு.

பிரான்ஸ் வந்தபோது, எட்டு மாதக் குழந்தையாக அவளை ஊரில் கொழுந்தியாள் சரசுவிடம் விட்டு வந்திருந்தோம். 1983 ஜூலையில் அழைத்துவரப் போனபோது மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். பால்வாடியிலிருந்து வந்த அமுதாவும் சரசுவின் மகன் சேகரும் மடியில் புளியங்கொட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சரசு அமுதாவின் கையைப் பிடித்துக் கடைந்தாள்.

"மொதப் பங்கு யாருக்குடி?"

"சித்திக்கு. அப்பறம் சேகருக்கு, எனக்கு, அம்மாவுக்கு."

"கட்டவெரலு?"

"பிரான்ஸ் அப்பாவுக்கு."

"அடிப்பாவி! மாமா எதிர்லயே குந்தினுருக்காரு, கடசியாவா வெப்ப?"

"அவுரு தூரமா இருக்காரு. போறதுக்குள்ள ஆறிப்போயிடும்."

சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

ஜன்னலோரம் அவள் விரல் மடக்கியதைப் பார்த்த மறுநாள், மேத்ரெஸிடம் என் விரல்களையே மடக்கிக் காட்டினேன். அவரும் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தார். மோதிர விரலும் கூடவே மடங்கியது. சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த வகுப்பில் நான் இருக்க மாட்டேனே."

ஆகவே சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, வசந்தி இல்லாத மாலைகளில், ஹீட்டர் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"கட்டவெரல்லருந்து நீட்டும்மா. ஒண்ணு, ரெண்டு."

"நீட்டுனா சோறு கொட்டிடும்ப்பா."

"இது சோறு இல்லம்மா, கணக்கு."

நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் கற்றுக்கொண்டாள். வசந்தகாலம் வந்தபோது பருப்புக் கடைவதை நிறுத்தியிருந்தாள். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை. தேதிகளை மறக்காதவன் நான், அந்த நாளை மட்டும் கவனிக்கவில்லை.

1984 ஜூனில் அவளை மேல் வகுப்புக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் பள்ளி வாசலில் மேத்ரெஸ் குனிந்து, பழைய கேள்வியையே கேட்டார்: வீட்டில் எத்தனை பேர்?

அமுதா கையை உயர்த்தினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நேராக நின்றன. அப்பா, அம்மா, அவள்.

"பிராவோ!" என்று மேத்ரெஸ் கைதட்டினார். சரியான விடைதான். நானும் தட்டினேன். சித்திக்கும் சேகருக்குமான மற்ற இரண்டு விரல்களும் உள்ளங்கையில் மடங்கியே இருந்தன.