காரணத்துக்கு ஓட்டை இல்லாத அட்டை

புத்தகம் போய் அட்டை வந்தது, அட்டை போய் நாடா, நாடா போய் கணினி. நிறுவனங்கள் தகவலைக் கையாண்ட வரலாற்றை இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு படியும் முன்னேற்றமாம். அந்த நூல்களில் பலவற்றைப் படித்துவிட்டேன். அட்டை வந்த காலத்தில் நான் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

1957, மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு முந்தைய மாதங்கள். பண்டார் ஹிலிரில் ரப்பர் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழர் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஆண்டுக்கு, ஆளுக்கு ஓர் அட்டை. ஓரமெங்கும் துளைகள், வாரத்துக்கு ஒன்று. யாராவது ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அந்த வாரத்தின் துளையை விளிம்புவரை வெட்டிவிடுவார். பிறகு அட்டைகளை அடுக்கி, அந்தத் துளைவழியே நீண்ட ஊசியைச் செருகித் தூக்கினால், வராதவர்களின் அட்டைகள் மட்டும் கீழே விழும்.

பழைய வருகைப் புத்தகத்தின் இரண்டு ஆண்டுகளை இப்படி வெட்டி, கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குத் தூக்கிக் காட்டினார். ஜனவரியில் நான்கு அட்டைகள் விழுந்தன. ஆண்டு நடுவிலும் அதே நான்கு. அடுத்த ஆண்டும் அப்படியே.

காட்டுக்குள் ஒளிந்து போரிட்டவர்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து காணாமல் போகிறார்கள் என்றதும் துரைக்குக் காடும் கம்யூனிஸ்டுகளும்தான் நினைவுக்கு வந்தன.

நால்வரும் காஜா பெராங்கில் என் அண்டைவீட்டுச் செட்டிகள். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வேரூன்றி, வீட்டில் மலாய் பேசும், தமிழ் வம்சத்து இந்துக்கள். இறந்தவர்களுக்கு இலைபோட்டுப் படைக்கும் பராச்சு அவர்களுக்கு ஆண்டில் இருமுறை வரும். அந்தக் காரணத்தைப் பழைய பெரிய கிராணி புத்தகத்தில் ஓரமாக எழுதிவைத்திருந்தார். அட்டைக்காரர் அதை விட்டுவிட்டார்.

“காரணத்தையும் சேருங்க,” என்றேன்.

“அதுக்கு ஓட்டை இல்ல அண்ணே. வந்தானா, வரலையா, அவ்ளோதான்.”

“அப்ப ஒரு ஓட்டை ஒதுக்குங்க.”

“எதுக்கு? தமிழே வாய்ல வராதவனுக்கு என்னா சாமி, என்னா படையல்! நீங்க வேற.”

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் அதைத் திறக்கவேயில்லை. இந்த முறை ஆண்டு நடுவில் வரும் அந்த வாரத்தில் எவன் அட்டை விழுந்தாலும் வேலை போகும் என்றார்.

மூன்று பேர் பயந்து அடங்கினார்கள். நான்காமவர் ஸ்டோர் பார்ப்பவர். அவர் மனைவி இறந்து ஆறேழு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு முதல் படையல். வீட்டில் மூன்று பிள்ளைகள். துரையின் அறையில் அவர் மலாயில் கேட்டது வெளியே என் மேசைவரை கேட்டது:

“துவான், நான் வேணா செத்தவங்கள ஞாயித்துக்கிழமைக்கு வரச் சொல்லவா?”

படையலன்று அவர் வரவில்லை. மறுநாள் காலை வாசலிலேயே நிறுத்திக் கணக்கை முடித்து அனுப்பினார்கள். அட்டைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா அண்ணே, ஊசி பொய் சொல்லாது.”

சுதந்திர நாள் கடந்தும் அந்த ஆள் என் எதிர் மேசையில்தான் இருந்தார். தினமும் தமிழில் பேச்சுக்கொடுப்பார். நான் மலாயில்தான் பதில் சொன்னேன்.