தோளில் விழுந்த திருநீறு

என் தலைமுடியைப் பற்றி யாரும் நேராகக் குறை சொன்னதில்லை. செங்கம் ரோடு சலூன்காரர் கத்தரியை எடுக்கும் முன் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் டீக்கடையில் என் தலையைப் பார்த்துக் கைகூப்பினார். மரியாதைக்கு நானும் கூப்பினேன். அடர்த்தியும் சுருளும் வறட்சியும் கூடி, வெளியே பார்த்தால் புதர். உள்ளே வருஷம் முழுக்கப் பனி. சித்திரை வெயிலிலும் என் தோள்களில் பொடுகு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்காருவேன். கண்ணில் எண்ணெய் இறங்கி, எதிரே மலை கரைந்து மிதக்கும். அந்த மயக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். சீயக்காய் போட்டு அலசிக் காய்ந்ததும் மலை தன் இடத்துக்குத் திரும்பிவிடும், பொடுகும்.

தொண்ணூறுகளின் நடுவில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் எனக்கு வேலை நிலைத்ததும் பெண் பார்த்தார்கள். முதல் இடம் ஜாதகத்தில் போனது. அடுத்த இடத்தில், மாப்பிள்ளைக்கு ஏதோ தோல் வியாதியாம் என்று சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது கீழ்பென்னாத்தூர். அந்தப் பெண்ணின் போட்டோவை எங்கள் வீட்டில் திருப்பித் தராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இந்த இடமும் தட்டிப்போனால் அதைத் தந்தாக வேண்டும் என்பதே என் கவலை.

வழி கண்டுபிடித்தவள் அக்கா.

"நெத்தி முழுக்க விபூதி பூசிக்கடா. கொஞ்சம் ஜாஸ்தியாவே பூசு. தோள்ல எது கெடந்தாலும் அந்தக் கணக்குல போயிடும்."

நெற்றி, கழுத்து, கை எல்லாம் பூசிக்கொண்டு போனேன். திட்டம் பலித்தது, தேவைக்கு மேலேயே பலித்தது. நான் தலையை அசைத்தபோதெல்லாம் நீலச் சட்டையில் திருநீறு உதிர்ந்தது. பெண்ணின் அப்பா, மணிலாக்கடலை பயிர் வைக்கும் மனிதர், என் பரட்டைத் தலையையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். கோயிலுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போவேன் என்று கேட்டார். தினமும் என்றேன். பௌர்ணமிக்கு மலை சுற்றுவேனா என்றார். தவறாமல் என்றேன். நல்ல பெயர் வாங்குவதாக நினைப்பு. அவர் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க ஊருக்கு எங்கெங்கிருந்தோ வந்து, குடும்பத்த உட்டுட்டு உக்காந்துடறாங்க. நாளைக்கு நீங்களும் மலையேறிட்டீங்கனா எம்பொண்ணு என்னா பண்ணுவா?"

அக்கா என்னைப் பார்த்தாள். துறவி என்றால் பெண் கிடையாது. பொடுகு என்றாலும் கிடையாது. சட்டைப் பையில் போட்டோ கனத்தது.

அறைக்கதவின் பின்னாலிருந்து அந்தப் பெண்தான் பேசினாள்.

"அவர் சாமியாரெல்லாம் ஆவ மாட்டார்ப்பா. அது விபூதி இல்ல, பொடுகு."

கூடவே, "எனக்கும் இருக்கு. பூ வெச்சு மறைச்சிருக்கேன்," என்றாள்.

ஜன்னல் வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அதில் என் பங்கும் இருந்திருக்கும். பெண்ணின் அப்பா தோளைத் தளர்த்தி, அப்பாடா என்று சாய்ந்தார். தலையில் பொடுகு இருப்பவன் வீட்டை விட்டு ஓட மாட்டான் என்று அவருக்கு எப்படியோ பட்டிருக்க வேண்டும். மறுபடியும் காபி வந்தது.

இப்போது வேங்கிக்காலில் எங்களுக்கு ஒரு மாடிவீடு. ஞாயிறு காலை ஊறவைத்த வெந்தயத்தைத் தயிர் விட்டு அரைத்து, என் தலையில் அவள் அப்புவாள், அவள் தலையில் நான். பிறகு இருவரும் மலையைப் பார்த்து உட்காருவோம். காய்கிற வரைக்கும் அசையக் கூடாது, பேசவும் கூடாது. பேசினால் நெற்றியில் வழியும். விழுது கண்ணோரம் இறங்க, மலை பழையபடி கரைந்து மிதக்கும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, தியானம் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள்.